கண்மட்டத்தில் கால்

பேர்பெச்சுவாவுக்குப் பழிவாங்கும் குணம் உண்டென்பது, அவளோடு பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திய அருட்பிரகாசத்துக்கே தெரியாது. மன்னாரில் அவளைப் பெற்றவர்களுக்கும் தெரியாது. அதைத் தோண்டியெடுத்து, துலக்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பெருமை முழுவதும் கொலோனுக்குப் பக்கத்தில் இருந்த லிண்டெமான் பாதவியல் அக்கடமியையே சேரும். மாணவர்களுக்குள் மறைந்திருக்கும் ஆற்றல்களை வெளிக்கொணர்வதே தங்கள் நோக்கம் என்று அக்கடமியின் விளம்பரத்தாளில் அச்சடித்திருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

அதுவரை அவள் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்துகொண்டிருந்தாள். முதுகெலும்பு இனிமேல் குனியமாட்டேன் என்று சொல்லிவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகம் அவளை உட்கார்ந்து செய்யக்கூடிய தொழில் ஒன்றைப் படிக்க அனுப்பியது. அந்த நாட்களில்தான் ஜெர்மன் அரசு பாதங்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. பாதவியலாளர் என்று பெயர்ப்பலகை போட விரும்புகிறவர் இரண்டு வருடம் படித்து அரசாங்கப் பரீட்சையில் தேறவேண்டும். தேறினால் சீனி வருத்தக்காரரின், அதாவது நீரிழிவு நோயாளிகளின், கால்களைப் பார்க்கலாம், சொந்தமாக ஒரு சிறிய சிகிச்சை நிலையமும் திறக்கலாம்.

“கால் பிடிக்கிறதுக்கும் ரெண்டு வருசப் படிப்போ?” என்றான் அருட்பிரகாசம். “எங்கட ஆக்கள் எத்தினைபேர் படிக்காமலே பிடிக்கினம்.”

“அது வேற கால். இது நோகிற கால்,” என்றாள் பேர்பெச்சுவா.

அக்கடமியின் இயக்குநர் டொக்டர் லிண்டெமான். வைத்திய டொக்டர் அல்ல. பதினாறாம் நூற்றாண்டுச் சப்பாத்துத் தொழிலாளர் சங்கங்களின் சட்டதிட்டங்களை ஆராய்ந்து அந்தப் பட்டத்தைப் பெற்றவர். அவர் ஒரு பாதத்தைத் தொட்டதை யாரும் கண்டதில்லை. முதல் நாள் அவர் மேடையில் ஏறிப் பேசினார்.

“நீங்கள் இங்கே நகம் வெட்ட வரவில்லை. நகத்தை நகவெட்டியே வெட்டிவிடும். நாங்கள் பாதத்துடன் உரையாடுகிறோம். இந்த அக்கடமி தோன்றுவதற்கு முன்னரும் இந்த மாநிலத்தில் பாதங்கள் இருந்தன. ஆனால் அவற்றுக்கு ஒரு நிலைப்பாடு இருக்கவில்லை.”

எல்லோரும் கைதட்டினார்கள். பேர்பெச்சுவாவும் தட்டினாள். சொற்கள் ஒவ்வொன்றும் அவளுக்கு விளங்கின. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. தன் ஜெர்மனில்தான் குறை என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் வருடம் முழுவதும் அவர்கள் உயிருள்ள பாதத்தைக் காணவில்லை. ஆளுக்கொரு பிளாஸ்டர் பாதம் கொடுத்தார்கள். அதைத் தொடுவதற்கு முன்னால் வணக்கம் சொல்லி, தன் பெயரைச் சொல்லி, என்ன செய்யப்போகிறேன் என்று விளக்கி, தொடலாமா என்று அனுமதி கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கவேண்டும். காத்திருப்புக்குத் தனியாகப் புள்ளி உண்டு. பேர்பெச்சுவாவுக்கு அதில் பூச்சியம் விழுந்தது.

“நீங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை,” என்றார் ஆசிரியை கெஸ்லர்.

“இது பிளாஸ்டர்.”

“உங்களுக்கு இது பிளாஸ்டர். அக்கடமிக்கு இவர் ஒரு நோயாளி. முடிவெடுக்க அவருக்கு நேரம் கொடுக்கவேண்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“அவர் தயாராகும்வரை.”

பக்கத்து மேசைப் பெண் தன் கை குளிராக இருப்பதற்காகப் பிளாஸ்டர் பாதத்திடம் மன்னிப்புக் கேட்டு முழுப் புள்ளியும் எடுத்தாள். அதன் பிறகு பேர்பெச்சுவாவும் மன்னிப்புக் கேட்கப் பழகினாள். வீட்டில் மேசைக்காலில் இடித்துக்கொண்டு, மேசையிடம் மன்னிப்புக் கேட்ட நாளன்று அருட்பிரகாசம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இரண்டாம் வருடம் உயிருள்ள பாதங்கள் தேவைப்பட்டன. அதற்கென்று அக்கடமி எட்டு மின்கதிரைகளை வாங்கியிருந்தது. நோயாளியைக் கண்மட்டத்தில் சந்திக்கவேண்டும் என்பது டொக்டர் லிண்டெமானின் கொள்கை. “நாங்கள் அவரைக் குனிந்தும் பார்ப்பதில்லை, அண்ணாந்தும் பார்ப்பதில்லை,” என்பார். பாதவியலில் நோயாளி என்றால் பாதம்தான். ஆகவே மாணவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, பாதம் அவருடைய கண்ணுக்கு நேரே வரும்வரை கதிரை உயரும். பாதம் உயர உயர, பாதத்துக்குச் சொந்தக்காரரின் தலை பின்னால் சரிந்து கீழே போய்விடும். ஒருமுறை ஏறி இறங்கிய ஜெர்மன்காரர் யாரும் மறுமுறை வரவில்லை. நோயாளிகளுக்கு இன்னும் பக்குவம் போதாது என்று அக்கடமி முடிவுசெய்தது.

அந்த நேரத்தில்தான் இயக்குநர் பேர்பெச்சுவாவை அழைத்தார். “உங்கள் சமூகத்தில் சீனி வருத்தம் அதிகமாமே,” என்று மகிழ்ச்சியோடு கேட்டார். “அப்படியானால் உங்களிடம் நல்ல பாதங்கள் இருக்கும்.”

அவள் கோயில், தேவாலயம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று அலைந்து ஆட்களைச் சேர்த்தாள். முதலில் பிடித்தது பரராசசிங்கத்தை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, இருபது வருடத்துக்கு மேலாகக் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவருடைய சின்னவிரலில் ஆறாத புண் ஒன்று இருந்தது.

“பிள்ளை, நீ என்ர காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறதோ? எனக்குக் கூச்சமாக் கிடக்கு,” என்றார்.

“கூச்சத்தைப் பிறகு பாப்பம் அண்ணை. முதல் புண்ணைப் பாப்பம்.”

அவர் வந்தார். மனைவி கமலநாயகியும் வந்தார். முதல் நாள் சேலையோடு வந்த கமலநாயகி, கதிரை ஏறத் தொடங்கியதும் இரண்டு கையாலும் கொசுவத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஐயோ பிள்ளை, இறக்கச் சொல்லு,” என்று கெஞ்சினார். அடுத்த முறை மகனுடைய விளையாட்டுக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து மற்றப் பெண்களும் அப்படியே வந்தார்கள். பெயர்கள் நீளமாக இருப்பதாகச் சொல்லி அக்கடமி அவர்களுக்கு இலக்கம் கொடுத்தது. பரராசசிங்கம் ஆறாம் பாதம். கமலநாயகி ஏழாம் பாதம். வருகிறவர்களுக்குத் தேநீரும் கேக்கும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தந்தது அக்கடமியின் விளம்பரத்தாள்.

பேர்பெச்சுவா பொறுத்துக்கொண்டாள். பரீட்சை முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டாள்.

பரீட்சை நாளில் எட்டு மாணவர்களுக்கும் அவள் கொண்டுவந்த எட்டுத் தமிழர்களே பாதங்கள். பேர்பெச்சுவாவுக்கு ஆறாம் பாதம் கிடைத்தது. அவள் வணக்கம் சொன்னாள், விளக்கினாள், அனுமதி கேட்டாள், காத்திருந்தாள். வலக்காலின் தடித்த தோலைச் சீவிக்கொண்டிருந்தபோது, கீழே எங்கேயோ இருந்து பரராசசிங்கத்தின் குரல் வந்தது.

“அதில நோகுது பிள்ளை.”

“சரி அண்ணை, மெதுவாச் செய்யிறன்,” என்றாள் அவள்.

டொக்டர் லிண்டெமான் கையை உயர்த்தினார். பரீட்சை நிறுத்தப்பட்டது. பரீட்சகருக்கு விளங்காத மொழியில் பாதமும் மாணவியும் இரகசியத் தொடர்பு வைத்துக்கொண்டதாக அறிவிக்கப்பட்டது. மற்ற ஏழு பேரும் தேறினார்கள். பேர்பெச்சுவா தவறினாள்.

“அவருக்கு நொந்தது. நோகிறது என்று சொன்னார்,” என்று அவள் இயக்குநரின் அறையில் போய் நின்றாள்.

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எங்களுக்குத் தெரியாது அல்லவா? அதுதான் பிரச்சினை.” அவர் கனிவோடு சிரித்தார். “மனம் தளராதீர்கள். அடுத்த வருடம் மறுபரீட்சை எழுதலாம். அதுவரை பாதங்களைத் தொடர்ந்து அழைத்து வாருங்கள். அவற்றின் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை.”

அடுத்த வருடம்வரை காத்திருக்க வேலைவாய்ப்பு அலுவலகம் சம்மதிக்காது. மறுபடி வாளியும் தும்புத்தடியும்தான். முதுகு அதற்கும் சம்மதிக்காது.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. சட்டி பானையைப் போட்டு உடைக்கவும் இல்லை. மிகுந்த அமைதியோடு மீன் குழம்பு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில், செபத்தில் பிறர் நமக்குச் செய்த தீமையைப் பொறுக்கிற வரி வந்தபோது மட்டும் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அருட்பிரகாசம் அதைக் கவனித்தான். மெல்ல ஓரடி தள்ளி நின்றான்.

சில வாரங்கள் போனபின் டொக்டர் லிண்டெமானே தொலைபேசியில் அழைத்தார். அக்கடமிக்கு நிரந்தர அங்கீகாரம் கொடுப்பதா என்று பார்க்க மாநிலத்தில் இருந்து ஓர் அதிகாரி வருகிறாராம். அவர் முன்னால் எட்டுக் கதிரையும் உயரவேண்டும். எட்டிலும் பாதம் இருக்கவேண்டும்.

“இது உங்களுக்கும் ஒரு கௌரவம்,” என்றார்.

“என் மறுபரீட்சையையும் அன்றைக்கே, அந்த அதிகாரி முன்னாலேயே வையுங்கள். நான் ஆட்களைக் கொண்டுவருகிறேன்.”

“எட்டுப் பாதமும் இப்போது இரண்டாம் வருடத்துக்கு வந்திருக்கும் எட்டு மாணவர்களுக்குப் போய்விடுமே.”

“எனக்கு ஒரு பாதம் அக்கடமி பார்த்துக் கொடுத்தால் போதும்.”

ஒரு பாதம்தானே என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அன்று பின்னேரமே பேர்பெச்சுவா பரராசசிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். தன்னால்தான் அவள் தவறினாள் என்று அவர் அன்றுவரை சரியாகச் சாப்பிடாமல் இருந்தார்.

“சொல்லு பிள்ளை. நாங்கள் என்ன செய்யவேணும்?”

“ஒண்டும் செய்யவேண்டாம் அண்ணை.”

“ஒண்டும் செய்யாமல் என்னெண்டு பழிவாங்கிறது?”

“அவையின்ர சட்டப்படி நடந்தால் காணும். அவைக்கு விளங்காத பாஷை அங்க கதைக்கக்கூடாது. அப்ப தமிழ் கதைக்க ஏலாது. எங்கட ஆக்களுக்கு ஜெர்மன் பாஷையும் தெரியாது.”

“எனக்கு டொச் தெரியுமே. ஃபோர்மானோட டொச்சில சண்டையே பிடிச்சிருக்கிறன்.”

“அண்டைக்குத் தெரியாது.”

பரராசசிங்கம் யோசித்தார். “அண்டைக்கு மட்டும் தெரியாதெண்டால் பரவாயில்லை,” என்றார்.

“கேக் தராத சனத்தோட நான் என்ன பாஷையில கதைக்கிறது,” என்றார் கமலநாயகி.

அதிகாரியின் பெயர் திருமதி ராபே. ஒல்லியான பெண்மணி, அதிகம் பேசாதவர். டொக்டர் லிண்டெமான் அவருக்கும் சேர்த்துப் பேசினார். அக்கடமி பல்வேறு பண்பாடுகளின் பாதங்களுக்கும் இடமளிப்பதாகவும், பாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் எங்கே போகிறது என்று மட்டுமே கேட்பதாகவும் சொன்னார். பிறகு கையசைத்தார். எட்டுக் கதிரைகளும் ஒரே சீராக உயர்ந்தன. எட்டுத் தமிழர்களின் தலைகள் ஒரே சீராகக் கீழே போயின.

எட்டு மாணவர்களும் பாதங்களைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள், பெயர் சொன்னார்கள், விளக்கினார்கள், அனுமதி கேட்டார்கள். பிறகு காத்திருந்தார்கள்.

பதில் வரவில்லை.

மாணவர்கள் மறுபடி கேட்டார்கள். மறுபடி காத்திருந்தார்கள். தமிழர்கள் கூரையைப் பார்த்துப் புன்னகைத்தபடி கிடந்தார்கள். கமலநாயகி கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் ஒரு தேவாரத்தைத் தொடங்கினார். நடுவில் பரராசசிங்கத்துக்குத் தும்மல் வந்துவிட்டது. அவருக்கு எதிரே இருந்த மாணவி வழக்கப்படி வாழ்த்துச் சொன்னாள். இருபது வருடப் பழக்கத்தில் நன்றி என்று ஜெர்மனில் வாய்வரை வந்ததை அவர் பெரும்பாடுபட்டு விழுங்கிக்கொண்டார்.

“என்ன நடக்கிறது?” என்று திருமதி ராபே கேட்டார்.

“அவர்கள் முடிவெடுக்கிறார்கள்,” என்றார் இயக்குநர்.

“எட்டுப் பேருமா?”

டொக்டர் லிண்டெமான் பரராசசிங்கத்தின் தலை இருந்த இடத்துக்குக் குனிந்தார். “ஆறாம் பாதமே, உங்களுக்குத்தான் ஜெர்மன் தெரியுமே,” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பரராசசிங்கம் அவரை மிகுந்த அன்போடு பார்த்தார். திருமதி ராபே எதையோ எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் இயக்குநருக்குச் சுவரோரம் நின்ற பேர்பெச்சுவாவின் நினைவு வந்தது. “நீங்கள் அவர்களிடம் உங்கள் மொழியில் கேளுங்கள்.”

“மன்னிக்கவேண்டும், டொக்டர். பரீட்சகருக்கு விளங்காத மொழியில் பாதத்தோடு பேசக்கூடாது. அதற்காக நான் ஒருமுறை தவறிவிட்டேன். இன்றைக்கும் எனக்குப் பரீட்சை இருக்கிறது.”

“அப்படி ஒரு விதி இருக்கிறதா?” என்று திருமதி ராபே இயக்குநரைக் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். ஆனால் தன்னுடைய விதி ஒன்றைப் பற்றி யாராவது விசாரித்தால், பேசாமல் இருக்க டொக்டர் லிண்டெமானால் முடியாது. அவருடைய நெஞ்சு நிமிர்ந்தது.

“நானே இயற்றிய விதி. நோயாளியும் சிகிச்சையாளரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளும்போது பரீட்சகர் வெளியே தள்ளப்படுகிறார். பல நிறுவனங்களில் இதை அனுமதிக்கிறார்கள். இந்த அக்கடமியில் அது ஒருபோதும் நடக்காது.”

“நோயாளி வலிக்கிறது என்று சொன்னால்?”

“எங்களுக்கு விளங்கும் மொழியில் வலித்தால் நாங்கள் அதை மதிக்கிறோம்.”

திருமதி ராபே பேனாவை மூடினார். “சரி. அனுமதி இல்லாமல் இந்தப் பாதங்களைத் தொட முடியாது. அவர்களோடு பேசவும் உங்கள் விதி விடாது. இந்தக் கட்டடத்தில் ஜெர்மன் பேசும் பாதம் ஏதாவது இருக்கிறதா?”

மாணவர்களின் பாதம் பக்கச்சார்பானது என்று அதற்கும் ஒரு விதி இருந்தது. ஆசிரியை கெஸ்லர், தான் பரீட்சகர் என்று சொல்லிக்கொண்டே கால்களைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். எல்லோருடைய கண்களும் மெல்லத் திரும்பி இயக்குநரின் மினுமினுத்த கறுப்புச் சப்பாத்துகளில் வந்து நின்றன.

“எனக்கு ஒரு பாதம் அக்கடமி தருவதாகச் சொல்லியிருந்தது,” என்றாள் பேர்பெச்சுவா.

பரராசசிங்கத்தைக் கீழே இறக்கினார்கள். அவர் எழுந்து, கதிரையைக் கையால் தட்டித் துடைத்து, இயக்குநருக்கு இடம் காட்டினார்.

கதிரை உயர்ந்தது. டொக்டர் லிண்டெமானின் தலை கீழே போயிற்று. காலுறைகள் கழன்றபோது முன்வரிசையில் இருந்த மாணவி தன் கதிரையைச் சற்றுப் பின்னால் தள்ளினாள். நகங்கள் மஞ்சளாகத் தடித்து, ஒன்று வடக்கே பார்க்க மற்றது தெற்கே வளைந்திருந்தது. குதிக்கால்கள் கோடைக் குளம்போல வெடித்துப் பிளந்திருந்தன. இடது பெருவிரலில் நகம் சதைக்குள் இறங்கி, விரல் தக்காளிப்பழம்போலச் சிவந்து வீங்கியிருந்தது. மாநிலத்தின் பாதங்களுக்கெல்லாம் நிலைப்பாடு கொடுத்த மனிதர் இத்தனை நாளும் எப்படி நடந்தார் என்றே விளங்கவில்லை.

பேர்பெச்சுவா வணக்கம் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். தன் கை குளிராக இருப்பதற்கு மன்னிப்பும் கேட்டாள். அனுமதி கிடைத்ததும், அக்கடமியின் முறைப்படி கேள்விகளைத் தொடங்கினாள்.

“உங்கள் பாதங்களை வேறொருவர் கடைசியாகப் பராமரித்தது எப்போது?”

பதில் இல்லை. அவள் காத்திருந்தாள். காத்திருக்க அவளுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“பேர்லின் சுவர் விழுவதற்கு முன்,” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

“யார் பராமரித்தார்?”

அவள் மறுபடி காத்திருந்தாள். திருமதி ராபேயும் காத்திருந்தார்.

“என் தாயார்.”

“அதன்பிறகு நகங்களை எதனால் வெட்டினீர்கள்?”

“கத்தரிக்கோலால்.”

“எந்தக் கத்தரிக்கோல்?”

“அலுவலகத்தில் இருப்பது. கடதாசி வெட்டுவது.”

கெஸ்லர் தன் விரல்களைப் பார்த்தார். அன்று காலை வரவேற்புப் பதாகையை அவர் அந்தக் கத்தரிக்கோலால்தான் வெட்டியிருந்தார்.

“பாதங்களில் வாடை இருப்பதாக மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்களா?”

அன்றைக்கு ஜெர்மன் தெரியாத கமலநாயகி, தலைகீழாகக் கிடந்தபடியே சால்வையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார்.

பேர்பெச்சுவா தனக்குள் இரக்கம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். அந்த மனிதர் ஒரு தாயின் பிள்ளை. இத்தனை பேர் முன்னால் காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறார். நன்றாகத்தான் தேடினாள். அகப்படவில்லை. கேள்வித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

கேள்விகள் முடிந்ததும் வலக்காலை எடுத்துக்கொண்டாள். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நகங்களைச் செதுக்கி, வெடிப்புகளைச் சீவித் தேய்த்து, எண்ணெய் பூசி முடித்தபோது அது குழந்தையின் கால்போல இருந்தது. கீழேயிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. திருமதி ராபே கிட்ட வந்து பார்த்தார். “தேறிவிட்டீர்கள்,” என்று சொல்லிப் பேர்பெச்சுவாவுக்குக் கை கொடுத்துவிட்டு, மேலங்கியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

அக்கடமிக்கும் அங்கீகாரம் கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு அது கிடைக்காமல் போவதில்லை. நோயாளிகள் மிகவும் அமைதியாக இருந்தார்கள் என்றும், நிர்வாகம் தன்னையே சிகிச்சைக்கு ஒப்புக்கொடுத்தது முன்மாதிரியானது என்றும் அறிக்கையில் இருந்ததாம். மொழி விதியை மட்டும் நீக்கச் சொன்னார்களாம். ஆனால் அதெல்லாம் பிறகு தெரியவந்த செய்தி.

அந்த நேரத்தில் டொக்டர் லிண்டெமான் இன்னும் கதிரையில் தலைகீழாகக் கிடந்தார். “இடதுகால் மிச்சம் இருக்கிறதே,” என்றார். “உண்மையில் வலிப்பது அதுதான்.”

“தெரியும்,” என்றாள் பேர்பெச்சுவா, கையுறைகளைக் கழற்றிக்கொண்டே. “பரீட்சைக்கு ஒரு பாதம்தான். என் பரீட்சை முடிந்துவிட்டது. நான் அடுத்த வருடம் சொந்தமாகத் திறக்கும்போது நேரம் பதிவுசெய்துகொண்டு வாருங்கள்.”

“அடுத்த வருடமா?”

“மனம் தளராதீர்கள்,” என்றாள்.

வெளியே வாகனத்தில் எட்டுப் பேரும் ஏறியிருந்து, காலையில் இருந்து பேசாமல் விட்டதையெல்லாம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை கமலநாயகி யாரையும் நம்பாமல் வீட்டில் இருந்தே ஒரு பெட்டி றோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். பேர்பெச்சுவா ஏறி அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, இயக்குநர் ஒரு காலில் சப்பாத்தும் மற்றதில் வெறும் காலுறையுமாக நொண்டி நொண்டி வாசல்வரை வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மற்றக் காலைச் செய்யேல்லையோ பிள்ளை?” என்று கமலநாயகி கேட்டார்.

“இல்லை அக்கா.”

“பாவம், அந்த மனுசன்.”

“ஓம் அக்கா, பாவம்தான்,” என்று சொல்லிவிட்டு, பேர்பெச்சுவா பெட்டிக்குள் கையை விட்டு இன்னொரு றோல்ஸ் எடுத்தாள்.